வந்தியத்தேவன் வழியில் வாடகை சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீராணம் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாம் சைக்கிளில் போகிறார்கள். போடாதவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். நாங்கள் பையன்களாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஹெல்மெட்டே கிடையாது. மோட்டார் சைக்கிள் என்றால் டாக்டரிடம் ஒன்று, ரைஸ்மில்காரரிடம் ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் சைக்கிள்தான். அதிலும் பாதிப் பேருக்கு வாடகை சைக்கிள்.

அன்று நாங்கள் போன அதே சாலைக்கு இன்று ‘ஹெரிடேஜ் ரைடு’ என்று பெயர். சிதம்பரத்தில் விடியற்காலை கிளம்ப வேண்டியது. லால்பேட்டையில் ஏரியைப் பார்த்துவிட்டுக் காட்டுமன்னார்கோயில். அங்கிருந்து மேலக்கடம்பூருக்கு ஒரு எட்டு. பிறகு கங்கைகொண்ட சோழபுரம், கடைசியில் கொள்ளிடத்தின் மேல் அணைக்கரை. அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் ஆயிரம் வருஷம் பழைய ஏரி, உலகப் பாரம்பரியச் சின்னம், வெள்ளைக்காரன் கட்டிய அணை எல்லாம் வந்துவிடும். நுழைவுக் கட்டணம் உண்டு, டீ-சர்ட் உண்டு, முடித்தவர்களுக்கு மெடலும் உண்டு. இதே சாலையைச் சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பியதற்கு எங்களுக்குக் கிடைத்தது வேறு. அதையும் கழுத்துக்குப் பக்கத்தில்தான் வாங்கினோம்.

சைக்கிள் எடுப்பது பாய் கடையில். மணிக்கு ஐம்பது காசு. அட்வான்ஸ், அடையாள அட்டை எதுவும் கிடையாது. அப்பா பேரைச் சொன்னால் போதும். வண்டி வராவிட்டால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது பாய்க்குத் தெரியும். மட்கார்டில் வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். நல்ல பிரேக் இருக்கிற நம்பர்களைப் பெரிய பையன்கள் காலையிலேயே எடுத்துப் போய்விடுவார்கள். எங்களுக்கு மிஞ்சுவது, காலைத் தரையில் தேய்த்தால்தான் நிற்கும் வண்டி. கடையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. நாங்கள் போகும்போது மெதுவாகவும் திரும்பி வரும்போது வேகமாகவும் ஓடும் அபூர்வமான கடிகாரம்.

“தம்பி, டபுள்ஸ் போவக் கூடாது. போர்க் வளைஞ்சிடும்” என்பார் பாய். “சரி பாய்” என்போம். தெருமுனை திரும்பும்வரை ஒருவன் மிதிப்பான், இன்னொருவன் ஓடி வருவான். திரும்பியதும் கேரியரில் ஏறிக்கொள்வான். ஒரு மைலுக்கு ஒருவன் என்று மாற்றி மாற்றி மிதிப்பது ஒப்பந்தம். எதிர்காற்று அடிக்கிற மைல் யாருடையது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

வீராணத்தில் அந்தக் காற்று சாதாரணமானது அல்ல. தெற்கு வடக்காகப் பதினைந்து கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது ஏரி. கிழக்குக் கரை ஏறியதும் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயலும் கொடிக்காலும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தன் வெட்டுவித்தது என்பார்கள். வடக்கே போருக்குக் காத்திருந்த படையைச் சும்மா உட்கார வைக்காமல் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டானாம். தந்தையின் பட்டப் பெயரால் வீரநாராயணன் ஏரி என்றானது, மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. பாவம், இராஜாதித்தன் 949-இல் தக்கோலத்தில் யானை மேலிருந்தபடியே செத்துப்போனான். போர் தோற்றது, ஏரி மட்டும் நின்றது.

இந்தக் கதையெல்லாம் அன்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரப்படவில்லை. பெரியம்மா வீட்டுப் பரணில் இருந்த ‘பொன்னியின் செல்வன்’தான் சொன்னது. பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்த தொகுதிகள். 1950-இல் கல்கி அந்தத் தொடரை ஆரம்பித்ததே எங்கள் ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவான், எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாயும். அதைப் படித்த வேகத்தில் கரையோரமாகச் சைக்கிளில் போய் மதகுகளை எண்ணிப் பார்த்தோம். எங்கள் கணக்கு எழுபத்து நான்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மதகுக் காவலாளி ஒருவரிடம் நியாயம் கேட்டதற்கு, “அதைப் புக்கு எழுதினவங்ககிட்டப் போய்க் கேளுங்கடா” என்றார். பொதுப்பணித் துறை அன்றைக்கே தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போது கரையைச் சுற்றவே மாட்டோம். கரையிலிருந்து சைக்கிளை இறக்கி, வெடித்துக் கிடக்கும் வண்டல் மேலேயே மேற்குக் கரைக்குப் போய்விடலாம். மாடுகள் மேயும். பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். பல்லும் எலும்பும் ஆடிப்போகிற அந்தக் குறுக்குப் பாதையில் சவாரி முடிந்து இறங்கினால், கொஞ்ச நேரத்துக்கு நிற்கிற தரையும் ஆடும்.

இப்போது அந்தப் பாதை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. காரணம் சென்னை. 2004-இல் புதிய வீராணம் திட்டம் ஓட ஆரம்பித்தது. சேத்தியாத்தோப்பில் எடுக்கிற தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்குப் போகிறது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். ஏரியின் முழு மட்டம் 47.50 அடி, இன்று எத்தனை அடி என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்கள் ஊர் வயல் காய்ந்த காலத்தில் எந்தப் பேப்பரும் அடி போட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போது கோடை வந்தாலும் சென்னையின் தாகத்துக்காக எப்படியாவது ஏரியில் தண்ணீர் வைக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சென்னையிலிருந்து சைக்கிளில் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள், குடிப்பதற்குக் கையோடு கேன் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1960-களின் கடைசியில் தொடங்கி, அடுத்த பத்தாண்டில் நின்றுபோன முதல் வீராணம் திட்டம். தண்ணீர் போகவில்லை, குழாய்கள் மட்டும் வந்திறங்கின. ஆள் குனியாமல் நடக்கக்கூடிய கான்கிரீட் குழாய்கள் சென்னைச் சாலையோரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தன. வடக்கே கொஞ்சம் தூரமாக மிதித்துப் போகும் நாட்களில் எங்களுக்கு அதுதான் சத்திரம். வெயிலுக்கு உள்ளே நுழைந்தால் சில்லென்று இருக்கும். மணியடித்தால் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வரும். ஒரு குழாயில் ஒரு குடும்பமே இருந்தது. வாய்ப்பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே வளைந்த சுவரில் காலண்டர் மாட்டியிருந்தார்கள். வளைவில் காலண்டர் ஒட்டி நிற்காமல் கீழ்ப்பாதி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த அம்மா எங்களுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். முதல் திட்டத்துக் குழாய் வழியாக யாருக்காவது குடிதண்ணீர் கிடைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

‘பொன்னியின் செல்வன்’ படமாக வந்த பிறகு, அதாவது 2022-க்குப் பிறகு, ஏரிக்கரைக்கு வருகிறவர்களின் கேள்விகள் மாறிவிட்டன. “கடம்பூர் மாளிகை எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார்கள். கடம்பூர் இருக்கிறது, மாளிகை இல்லை. நாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடந்த மாளிகைக்கு வழி கேட்டால் ஊர்க்காரர்கள் பாவம் என்ன செய்வார்கள்? கோயிலைக் காட்டுகிறார்கள். அமிர்தகடேசுவரர் கோயில். கருவறையே சக்கரம் வைத்த தேர், இழுக்கக் கல் குதிரைகள். குலோத்துங்கன் காலத்து வேலை. வங்காளத்துப் பாலர் பாணியில் ரிஷபத்தின் மேல் ஆடும் சிவனின் செப்புத் திருமேனி ஒன்றும் இந்தக் கோயிலுடையது. வந்தவர்கள் குதிரையோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, ‘மாளிகை இடிந்துவிட்டதுபோல’ என்று முடிவுகட்டிக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கொலைக்கு உண்மையிலேயே சாட்சி சொல்லும் கல் சில கிலோமீட்டரில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில், கருவறைப் புறச்சுவர். இராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. சதி நடந்த இரவு, கத்தி, தீப்பந்தம் எதுவும் அதில் இல்லை. துரோகிகளிடமிருந்து பறித்த நிலத்தைச் சபையார் விற்ற கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய கொலை மர்மத்துக்கு நமக்குக் கிடைத்த முக்கிய ஆவணம் ஒரு கிரயப் பத்திரம். நாங்கள் பையன்களாக இருந்தபோது அந்தச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத்தான் எதிரில் கோலி ஆடுவோம். எழுத்து மேல் ஹேண்டில்பார் உரசும். யாரும் வந்து ‘தம்பி, அது ஆதித்த கரிகாலனடா’ என்று சொல்லவில்லை. இன்று சொல்ல ஆள் இருக்கிறது, யூடியூபே இருக்கிறது. ஆனால் ரைடு அங்கே நிற்பதில்லை. ரூட் மேப்பில் அந்தச் சந்து வரவில்லையாம்.

அதே ஊரில்தான் நாதமுனிகள் பிறந்தார், நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவர். அவர் பேரன் ஆளவந்தாரும் இங்கேதான். வீரநாராயணப் பெருமாள் கோயிலில் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் கங்கைகொண்ட சோழபுரம்.

இந்த இடத்தில் என் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன தை மாதம் அவன் சைக்கிள் ஊருக்கு வந்தது, காரின் பின்பக்கம் கட்டிக்கொண்டு. என் முதல் ஸ்கூட்டரைவிட விலை அதிகம். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, மணிகூடக் கிடையாது. இத்தனையும் இல்லாமல் இருப்பதற்குத்தான் அந்த விலை என்று விளக்கினான். “மாமா, எட்டு கிலோதான் வெயிட்” என்று ஒரு விரலால் தூக்கிக் காட்டினான். பாய் கடை வண்டியை இரண்டு கையாலும் தூக்க முடியாது. ஆனால் அதில் இரண்டு பேர், ஒரு நெல் மூட்டை, சமயத்தில் ஓர் ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும்.

நான் பின்னாலேயே என் டிவிஎஸ்-50-இல் போனேன். கோயில் வாசலில் இறங்கியவன் முதலில் செய்தது, கையிலிருந்த கடிகாரத்தில் ஒரு பொத்தானை அமுக்கியதுதான்.

“என்னடா அது?”

“பாஸ் பண்றேன் மாமா. நிக்கிற டைம் சேந்தா ஆவரேஜ் கெட்டுடும்.”

கோயிலைப் பார்க்கிற நேரம் அவன் கணக்கில் பயணமே இல்லை! முதலாம் இராஜேந்திரன் கங்கைவரை படையனுப்பி, அதன் நினைவாகத் தலைநகரையே புதிதாக எழுப்பி, 55 மீட்டருக்கு விமானம் உயர்த்தி, பிறகு வந்த சோழர்கள் இருநூற்றைம்பது வருஷம் அங்கிருந்து ஆண்டதெல்லாம் ‘பாஸ்’.

எங்கள் காலம் ஒசத்தி என்று சொல்ல நான் வரவில்லை. அன்று இந்தக் கோயிலுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை தெரிந்தால் தொல்லியல் துறை இன்றைக்கும் நோட்டீஸ் அனுப்பும். நந்தியின் முதுகில் ஏறாத பையன் அந்தப் பக்கத்தில் கிடையாது. சிங்கத்தின் வழியாக நுழைந்து இறங்கும் கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்போம். விமானத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் படுத்துத் தூங்குவோம். எங்களுக்குக் கோயில் என்பது அந்த நிழல்தான். மாளிகைமேட்டில் அரண்மனைச் செங்கலைத் தோண்டுகிறார்கள் என்றால், ‘அதைத்தான் எங்க தாத்தா ஏற்கெனவே தோண்டி வீடு கட்டிட்டாரே’ என்று சொல்கிற ஊர்க்காரர்கள் இருந்தார்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்ற ஊர்ப்பெயர்களைப் பஸ் போர்டில் வாசித்துவிட்டுப் போவோம்.

ஆனாலும் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டுகிற சிற்பம் எனக்கு விரல் விரலாக நினைவிருக்கிறது. வடக்கு வாசல் படிக்குப் பக்கத்துச் சுவர். பார்வதியோடு உட்கார்ந்திருக்கும் சிவன் கொஞ்சம் குனிந்து, கீழே கைகூப்பி உட்கார்ந்திருப்பவர் தலையில் பூச்சரத்தைச் சுற்றுகிறார். ஒரு கை சரத்தின் நுனியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை சுற்றுகிறது. பிள்ளைக்குத் தலைவாரிவிடும் தகப்பனின் கவனம் அந்த முகத்தில். மாலை வாங்குகிறவர் இராஜேந்திரனேதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. இதை நான் ரசனையால் பார்க்கவில்லை. பின் சக்கரம் பஞ்சர். கூட வந்தவன் ஜெயங்கொண்டம் சாலைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். பஞ்சர் போடுகிறவர் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கொப்புளம் வருகிற இடத்தில் தீக்குச்சியைச் செருகி, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, காயவைத்து, பட்டையை ஒட்டி, மறுபடி முக்கிப் பார்த்து அனுப்புவதற்குள் எனக்கு அந்தச் சுவரைத் தவிரப் பார்க்க வேறு எதுவும் இல்லை. சோழர் கலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி, பழைய டியூப் போட்டுத் தந்த பாயின் புண்ணியம்.

மருமகனுடைய டயரில் பஞ்சரே ஆகாது. உள்ளே ஏதோ பால் ஊற்றியிருக்கிறதாம், முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளுமாம். சிற்பத்தை போனில் எடுத்துக்கொண்டான். “சூப்பர் மாமா” என்றான். பொத்தானை அமுக்கினான்.

கோயிலுக்கு மேற்கே சோழகங்கம் இருக்கிறது. பொன்னேரி என்றும் சொல்வார்கள். கங்கையை வென்றதற்குக் கல்லில் வெற்றித் தூண் நடாமல் தண்ணீரால் நட்டான் இராஜேந்திரன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நாங்கள் பார்த்த நாட்களில் அந்தத் தூணில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். 2025 ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரே வந்து போனார், நாணயமும் வெளியிட்டார். மாநில அரசும் ஏரியைச் சீரமைப்போம் என்று அறிவித்தது. கருவேலத்துக்கும் இதெல்லாம் சொல்லப்பட்டிருக்கும் என்று நம்புவோம்.

எனக்கு இந்தப் பாதையில் ரொம்பப் பிடித்த இடம் கடைசியில் வரும் அணைக்கரை. கீழணை. கொள்ளிடம் இரண்டாகப் பிரிய, நடுவில் திட்டு. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. பாலத்தில் ஒரு வண்டி வந்தால் எதிர்வண்டி நிற்க வேண்டும். சைக்கிள்காரன் மட்டும் மதகுச் சுவரை உரசிக்கொண்டே போய்விடுவான். நாங்கள் நிறுத்திப் பொரித்த மீன் தின்போம். அந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று அன்று யார் கேட்டது? கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்தது. கோயிலின் திருச்சுற்று மதிலை உடைத்து, கோபுரத்துக் கருங்கல்லைப் பெயர்த்து வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்தவர்களில் சிலருக்குத் தண்டனைதான் கிடைத்தது என்று 1855-இல் அச்சான குறிப்பு ஒன்று சொல்கிறது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்ற வாக்குறுதியும் இருந்ததாம். கட்டவில்லை. நிறைவேறாத திட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் குழாய்தான் முன்னோடி என்று நினைத்திருந்தேன். மதில் அதைவிட மூத்தது.

இதில் யாரைத் திட்டுவது என்பதுதான் சிக்கல். அந்தக் கீழணையிலிருந்து பிரிகிற வடவாறுதான் வீராணத்தை நிரப்புகிறது. ஒரு சோழன் வெட்டிய ஏரிக்குத் தண்ணீர் காட்ட, இன்னொரு சோழன் கட்டிய மதிலை உடைத்திருக்கிறார்கள். மதில் நின்றிருந்தால் போட்டோ நன்றாக வந்திருக்கும், சந்தேகமில்லை. எங்கள் ஊர் நெல்லும் சென்னையின் குடமும் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. மருமகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மதகையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது மட்டும் பொத்தானை அமுக்க மறந்துவிட்டான்; அன்றைய ஆவரேஜ் கெட்டுப்போனதாகச் சாயங்காலம் வருத்தப்பட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைவிட இன்று சந்தேகமில்லாமல் மேல். எங்கள் காலத்தில் இந்தக் கரைமேல் ஒரு பெண் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. பாய் கடையில் லேடீஸ் சைக்கிள் ஒன்று இருந்தது, அதையும் குள்ளப் பையன்கள்தான் எடுப்போம். இப்போது சாயங்காலம் பள்ளி விட்டால் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பெண் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள், இரட்டைப் பின்னல், கேரியரில் புத்தகப் பை. ஹெல்மெட், கண்ணாடி, கையுறையோடு எதிரே வருகிற ரைடுக்காரர்களைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுகிறார்கள். தினமும் இந்தக் கரையில் சைக்கிள் மிதிப்பது அவர்கள்தான். அவர்களுக்கு யாரும் மெடல் போடுவதில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசியில் போங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும், வயலில் அறுப்பு நடக்கும், வெயில் மன்னிக்கும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலைப் பக்கம் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். அது லாரிகளின் ராஜ்ஜியம். சிதம்பரத்தில் தொடங்காமல் அணைக்கரையில் தொடங்கி வடவாற்றுக் கரையோடு தண்ணீர் போகிற திசையிலேயே வந்தால் ஏரி கடைசியில் வரும், அதுதான் அழகு. பஞ்சர் சாமான் கையில் இருக்கட்டும். பாய் கடை இப்போது செல்போன் கடை. உடையார்குடியில் கல்வெட்டு எந்தச் சுவர் என்று குருக்களைக் கேளுங்கள், சைக்கிளை வேறு எங்காவது சாய்த்துவிட்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.